எழுந்து நடந்தவளின் கணவர்

சலூன்காரர் பொய் சொல்ல மாட்டார் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் இருந்த ஒரு மனக்குறை. "முடி ரொம்பக் கொட்டுதாண்ணே?" என்று யாராவது ஏக்கத்தோடு கேட்டால், மற்ற கடைக்காரர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தண்ணி ஒத்துக்கல" என்று களிம்பு போல ஒரு பொய்யைத் தடவி அனுப்புவார்கள். இவர் உச்சந்தலையை விரலால் தட்டிக் காட்டி, "ஆமா, இந்த இடம் காலியாயிட்டு வருது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் காலியா இருக்கும்" என்பார். கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைகள் இந்தக் கடைப் பக்கம் தலை வைப்பதில்லை.

அவர் ஆராதனைக்குப் போகும் சபையில் மட்டும் இந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. முகப்பவுடர் வாசனையோடு வந்து பின்வரிசையில் உட்காருவதால் அங்கே அவருக்குப் பவுடர் அண்ணன் என்று பேர். பவுடர் அண்ணன் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. பின்னால் வந்த வினை முழுக்க இந்த நல்ல பேரால் வந்தது. அவர் நாலு பொய் சொல்லிப் பழகிய சாதாரண மனுஷராக இருந்திருந்தால் அன்றைக்கு அவர் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் மனைவியின் முதுகாவது தப்பியிருக்கும்.

கடையைத் திறந்ததும் முதல் வேலை ஜெபம். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, விளக்கைக்கூடப் போடாமல் சுழல் நாற்காலியின் முன் முழங்கால் போடுவார். முழங்கை இரண்டும் நாற்காலி மேல் இருக்கும். அந்த நாற்காலிக்கு வயதாகிவிட்டது. கொஞ்சம் பாரம் விழுந்தாலே தானாகத் திரும்பும். அது திரும்பத் திரும்ப இவரும் கண்ணைத் திறக்காமல் முழங்காலாலேயே நகர்ந்து போவார். கண்ணாடியைப் பார்த்துத் தொடங்கிய ஜெபம் சில நாள் தெருவைப் பார்த்து முடியும், சில நாள் கை கழுவும் தொட்டியைப் பார்த்து முடியும்.

"கடவுள் எந்தப் பக்கம் இருக்கார்னு தேடுறீங்களாண்ணே?" பக்கத்து டீக்கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்பார்.

"எல்லாப் பக்கமும் இருக்கார். அதான் ஒரு சுத்து சுத்தி வரேன்."

அந்தக் காலத்தில் அவரிடம் இப்படிப் பதில்கள் கைவசம் இருந்தன.

கடைக்கு விடுமுறை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். கத்தி, பிளேடு, கிண்ணம், படிகாரக் கட்டி, சலவை செய்த துண்டு. பொது வார்டில் துணைக்கு ஆள் இல்லாமல் கிடப்பவர்களுக்கு முகம் வழித்து, நகம் வெட்டி, காதோர முடியை ஒதுக்கிவிட்டு வருவார். ஊசி போட நர்ஸ் இருக்கிறார், தாடி வழிக்க யார் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. தாடி மண்டிய நோயாளி கொஞ்ச நாளில் தன்னைப் பிச்சைக்காரன் என்றே நினைக்கத் தொடங்கிவிடுவான், அப்புறம் எந்த மருந்தும் அவன் உடம்பில் ஒட்டாது என்பார். காசு வாங்க மாட்டார். பாதி வேலையில், தாடைக்குக் கீழே கத்தி இறங்கும் நேரத்தில், "உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொன்ன நோயாளி இதுவரை ஒருவரும் இல்லை. அதைக் கர்த்தருடைய கிரியை என்று அவர் எண்ணியிருந்தார்.

"ஒரே ஒரு தடவை கத்தியைக் கீழ வச்சிட்டுக் கேட்டுப் பாருங்களேன்" என்பாள் அவர் மனைவி.

அவளுக்கு அப்படி ஒரு வாய். நோய் வந்தபோது அந்த வாய்தான் முதலில் கோணியது. துணியைக் கொடியில் போடத் தூக்கிய வலது கை பாதியில் நின்றது, ஈரத் துணி அவள் தலைமேலேயே விழுந்தது, அடுத்து அவள் விழுந்தாள். வலப்பக்கம் மொத்தமும் போய்விட்டது. சொற்கள் வாய்க்குள்ளேயே முட்டி மோதி உடைந்து வந்தன. அவரையும் சபையில் ஒருத்தியையும் தவிர யாருக்கும் அவை புரியவில்லை. புத்தி மட்டும் பழைய கூர்மையோடு இருந்தது. கிண்டல் செய்ய அரை வாயே தாராளம் என்று சீக்கிரமே காட்டிவிட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "எழுந்து நடக்கிறதை மறந்திடுங்க. ஆனா இப்படியே ரொம்பக் காலம் இருக்கலாம். பகல்லயும் ராத்திரியிலயும் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கணும், அவ்வளவுதான். ஒரே பக்கமாக் கிடந்தா முதுகுல புண் வரும். வந்துச்சுன்னா அந்தப் புண்தான் ஆளைக் கொண்டுபோகும்."

வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில். பிள்ளைகள் இல்லை. பகல் முழுக்க யார் புரட்டுவது என்று அவர் திகைத்து நின்றபோது சபை வந்து நின்றது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலையில் ஒரு அம்மா, சாயங்காலம் ஒரு அம்மா என்று முறை போட்டு வந்தார்கள். மத்தியானம் தையல் அக்கா வருவாள். மிஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க மாடிப்படி ஏறி வந்து, அண்ணியைப் புரட்டி, துடைத்து, பவுடர் போட்டு, அவள் பேசும் உடைந்த பேச்சையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போவாள். அவர் தவிர அந்தப் பேச்சு புரிந்த ஒரே ஆள் அவள்தான். இப்படியே ஓடியது. முதுகு கண்ணாடி போல இருந்தது.

இந்த நேரத்தில்தான் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் கூட்டத்தில் பேச வந்தார். கூட்டத்துக்கு முன்னால் முகம் வழிக்கப் பவுடர் அண்ணன் கடைக்கே வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் நுரை, தொண்டையில் கத்தி. அந்த நிலையிலும் நிறுத்தாமல் பேசிய வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். மனைவியின் நிலையைக் கேட்டறிந்தார்.

"தினமும் கேக்குறீங்களா?"

"கேக்காத நாள் இல்லைங்க."

"அதுதான் தப்பு. கேட்டுக்கிட்டே இருந்தா இன்னும் கிடைக்கலைன்னு அர்த்தம். கிடைச்சாச்சுன்னு நன்றி சொல்லுங்க. உலகத்துல சரக்கு வந்தப்புறம் ரசீது. பரலோகத்துல ரசீது முதல்ல. உங்க சபையில எழுந்து நின்னு, என் மனைவி எழுந்து நடந்துட்டான்னு சாட்சி சொல்லுங்க. சொன்னதுக்கப்புறம் சந்தேகமா ஒரு வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா அப்புறம் அவங்க படுத்தே கிடக்கிறது உங்களாலதான்."

கத்தி இருந்தது இவர் கையில். வெட்டுப்பட்டதும் இவர்தான். பிரசங்கியார் மீசையை நீவிக்கொண்டு எழுந்து போனார். இவர் காசு வாங்கவில்லை.

அடுத்த ஆராதனையில், சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழும்பலாம் என்று போதகர் சொன்னதும் பின்வரிசையில் பவுடர் வாசனை எழுந்தது.

"என் மனைவியைக் கர்த்தர் தூக்கி நிறுத்திட்டார். அவ எழுந்து நடக்குறா. ஸ்தோத்திரம்."

கூரை அதிர்ந்தது. போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடித்தார். தையல் அக்கா முந்தின நாள் மத்தியானம்தான் தன் கையால் அண்ணியைப் புரட்டிவிட்டு வந்திருந்தாள்; ஆனாலும் சொல்கிறவர் யார், பவுடர் அண்ணன். அவள் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். யாரோ கேட்டார்கள், எத்தனை எட்டு நடந்தாங்க என்று. கேட்டவரை மற்றவர்கள் முறைத்தார்கள்.

அன்றைக்கு அவர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஓடினார். மாடிப்படியைத் தாவித் தாவி ஏறினார். கதவைத் திறக்கும்போது கட்டில் காலியாக இருக்கும் என்று உள்ளபடியே நம்பினார்.

"என்ன, இப்படி இரைக்குது? வீடு தீப்பிடிச்சிருச்சா?" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

அவர் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அவள் முழுதும் கேட்டாள்.

"நான் எழுந்து நடக்குறேனாக்கும். எந்தப் பக்கம் நடக்குறேன்னு சொன்னா நானும் வந்து ஒரு எட்டு பாத்துக்குவேன்."

"கேலி பண்ணாத. நடப்ப."

கோணிய வாய் மெல்ல நேரானது. அவள் சிரிப்பை நிறுத்தினால் முகம் கிட்டத்தட்டப் பழையபடி ஆகிவிடும்; அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பயம்.

"சரிங்க. நாளைக்கு மத்தியானம் என்னைப் புரட்ட யார் வருவா?"

இதை அவர் யோசித்திருக்கவில்லை. "சந்தேகமாப் பேசாதேன்னா" என்றார்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. நோயாளி வீட்டுக்கு ஆள் போகும், செத்தவர் வீட்டுக்கு ஆள் போகும். சுகமானவர் வீட்டுக்கு எவர் போவார்? சுகமானவர் அல்லவா வெளியே வரவேண்டும்? "அண்ணி எப்ப சபைக்கு வருவாங்க?" என்று கேட்டார்கள். "மாடிப்படி இறங்கப் பயப்படுறா" என்றார் பொய் சொல்லத் தெரியாதவர். அது முழுப் பொய்யும் இல்லை. இறங்குவதை நினைத்தால் யாருக்குத்தான் பயம் வராது. தையல் அக்கா மட்டும் ஓடி வந்து பார்த்திருப்பாள். அந்த வாரமே அவள் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலையத் தொடங்கினாள்.

பார்த்தவர்களும் முளைத்தார்கள். பாடகர் குழுவை நடத்துகிற பாட்டுக்கார அக்காள், பவுடர் அண்ணன் மனைவியைப் பஸ் ஸ்டாப்பில் தன் கண்ணாலேயே கண்டதாகச் சொன்னாள். குடை பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்தாற்போல நடந்து போனாளாம். கூப்பிட்டாளாம், காதில் விழவில்லையாம். அந்தச் சாய்வு இருக்கிறதே, அதுதான் கேட்டவர்களை அடியோடு நம்ப வைத்தது.

இவர் கடைக்கும் வீட்டுக்கும் ஓடினார். ஒரு கன்னம் வழித்து, மறு கன்னத்தில் நுரையோடு ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு, "இதோ வந்துட்டேன்" என்று இரண்டு தெரு ஓடி, மாடி ஏறி, புரட்டிவிட்டு, மூச்சு வாங்க வந்து மறு கன்னத்தைத் தொடுவார். நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காக உதிரும். "அண்ணே, நான் இந்தக் கன்னத்தை அடுத்த மாசம் வந்து வாங்கிக்கவா?" என்று கேட்டார் ஒரு பழைய வாடிக்கையாளர். அடுத்த மாசம் அவர் வரவே இல்லை. கடையில் ஆள் குறைந்ததும் ஓட நேரம் கிடைக்கும் என்று ஒரு பக்கம் பார்த்தால் தோன்றும். கதவைத் திறந்துவைத்துவிட்டு ஓடினால் வருகிற ஆளும் போய்விடுமே என்று ஓடாமல் உட்கார்ந்துவிட்ட பகல்களும் இருந்தன. அந்தப் பகல்களில்தான் அவள் இடுப்புக்குக் கீழே காசு அளவுக்கு ஒரு சிவப்பு எழும்பியது.

அதைப் பார்த்த அன்று அவர் முடிவு செய்தார். சாட்சி நேரத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவது. பிரசங்கியார் சொன்ன சாபம் தன் தலையில் விழட்டும், முதுகு தப்பினால் போதும். ஆராதனையில் வேர்த்துக் கொட்ட எழுந்து நின்றார். அதே நொடியில் முன்வரிசையில் தையல் அக்காவும் எழுந்துவிட்டாள்.

"டாக்டருங்க கையை விரிச்சிட்டாங்க" என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறேன்னா, பவுடர் அண்ணன் சொன்னதைத்தான். அண்ணியைத் தூக்கினவர் எங்க வீட்டுக்காரரையும் தூக்குவார். அது இல்லைன்னா எனக்குப் பிடிச்சுக்க எதுவும் இல்ல."

அவள் உட்கார்ந்தாள். எல்லோரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார். நின்ற மனுஷன் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"ஒரு பாட்டுப் பாடலாமே" என்றார்.

பாடினார்கள். எல்லாச் சரணமும் பாடினார்கள்.

காசு அளவு சிவப்பு உள்ளங்கை அளவு குழியானது. நாற்றம் வந்தது. காய்ச்சல் வந்தது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் சேர்த்தார். அங்கே அவரை எல்லோருக்கும் தெரியும். "என்னண்ணே, இன்னைக்குப் பையைக் காணோம்?" என்று வாசலில் நின்றவர் கேட்டார். உள்ளே இருந்த நர்ஸ் முதுகுத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் வந்து சவரம் பண்றீங்க" என்றாள். அவள் சொல்லாமல் விட்டதை அவர் அன்று முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை ஷட்டரை இறக்கிவிட்டு வார்டிலேயே கிடந்தார். தலையணையில் சிக்குப் பிடித்த அவள் முடியைக் கத்தரித்துக் குட்டையாக விட்டார். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கண்ணாடி இல்லை.

"பின்பக்கம் ஒரு இடத்துல காலியாயிட்டு வருது" என்றார்.

"அப்பாடா. பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு" என்றாள் அவள்.

சபையார் வார்டு ஊழியம் செய்ய வந்தது அந்த வாரக் கடைசியில். கட்டில் கட்டிலாக ரொட்டிப் பொட்டலமும் துண்டுப் பிரசுரமும் கொடுத்துக்கொண்டே வந்த போதகர், ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்ததும் நின்றார். பின்னால் பாட்டுக்கார அக்காள் நின்றாள். ரொட்டிக் கூடையோடு தையல் அக்கா நின்றாள்; அவள் கணவர் கிடந்தது மேல்மாடி வார்டில்.

"என்னண்ணே இது," என்றார் போதகர். "அண்ணி மறுபடியும் விழுந்துட்டாங்களா?"

தப்பிக்க ஒரு வாசல் அப்படியே திறந்து கிடந்தது. ஆமாம் என்றால் போதும். அவர் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்தவள் ஏதோ சொன்னாள். போதகர் குனிந்து காதைக் கொடுத்தார். புரியவில்லை.

"என்ன சொல்றாங்கண்ணே?"

தையல் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள்.

"எழுந்திருச்சாத்தானே மறுபடி விழுறதுக்குன்னு சொல்றா" என்றார் பவுடர் அண்ணன். "உண்மைதான் பாஸ்டர். அவ எழுந்திரிக்கவே இல்ல. ஒரு நாளும் இல்ல. நடந்துடுவாங்கற நம்பிக்கையில நானாச் சொன்னேன்."

போதகர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. பவுடர் அண்ணன் தோளில் கை வைத்தார். "சோர்ந்து போயிட்டீங்கண்ணே. கஷ்டம் வர்றப்ப, கர்த்தர் செஞ்சது எதுவுமே ஞாபகத்துல நிக்காது. எங்களுக்கு ஞாபகம் இருக்கு."

"நான் பாத்தேனேண்ணே" என்றாள் பாட்டுக்கார அக்காள், கொஞ்சம் நொந்துபோய். "நான் என்ன, பொய்யா சொல்றேன்?"

அவள் பொய் சொல்லவில்லை என்பதில் சந்தேகமே இல்லை. அவர் கொடுத்த சாட்சி இப்போது அவருடையது இல்லை. அதை வைத்து எத்தனையோ பேர் ஜெபித்துவிட்டார்கள், அழுதுவிட்டார்கள், ஒருத்தி பஸ் ஸ்டாப்பில் பார்த்தும்விட்டாள். வெட்டிப் போட்ட முடியை எடுத்து மறுபடி தலையில் ஒட்டக் கேட்பவனைப் போல அவர் நின்றார்.

நீண்ட ஜெபம் செய்துவிட்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். தையல் அக்கா நகரவில்லை. கூடையைத் தரையில் வைத்தாள். போர்வையை விலக்கி, பழகிய கையால் அண்ணியைப் புரட்டி, புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, திரும்பாமல், மெல்லிய குரலில் கேட்டாள்.

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு?"

அவள் போர்வையை இழுத்துவிட்டு, கூடையை எடுக்காமல் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி கேட்டாள். "என்னை எங்க பாத்தாளாம்?"

"பஸ் ஸ்டாப்புல."

"குடை பிடிச்சிருந்தேனாமா?"

"ஆமாம்."

"நம்ம வீட்டுல குடை ஏதுங்க" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான். அதற்கப்புறம் காய்ச்சல் அவளைப் பேச விடவில்லை. டாக்டர் சொன்ன பிரகாரமே அந்தப் புண் ஆளைக் கொண்டுபோனது.

அடக்க ஆராதனையில் சபை நிறைந்திருந்தது. போதகர் உருகிப் பேசினார். "நம் சகோதரியைக் கர்த்தர் ஒருமுறை எழுப்பி நடக்கச் செய்தார். அதற்கு நாம் எல்லோரும் சாட்சிகள். இப்போது இளைப்பாற அழைத்துக்கொண்டார்" என்றார். முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்த பவுடர் அண்ணன், இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு அந்த இடத்தில் பல வருஷமாக ஒரே ஒரு சொல்தான் பழக்கம்.

"ஆமென்" என்றது அது, எல்லோரோடும் சேர்ந்து.

தையல் அக்கா உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

கடையை மறுபடி திறந்தார். ஷட்டரை முழுக்கத் தூக்கி, விளக்கைப் போட்டு, நேராகத் துண்டை உதறத் தொடங்கிவிடுவார். பழைய வழக்கப்படி ஒருநாள் முழங்காலும் போட்டுப் பார்த்தார். நாற்காலி திரும்பியது, இவர் அதோடு சேர்ந்து நகரவில்லை. முழங்கை நழுவிச் சீட்டிலிருந்து விழுந்தது. எழுந்துகொண்டார்.

விடுமுறை நாளில் கால்கள் அவரைக் கேட்காமலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. பெண்கள் வார்டு வாசலைத் தலை குனிந்து கடந்தார். ஆண்கள் வார்டில், கட்டில் கம்பியைப் பிடித்தபடி தாடி மண்டிக் கிடந்த ஒரு லாரி டிரைவர் இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். ஏற்கெனவே ஒரு முறை இவரிடம் வழித்துக்கொண்ட ஆள். துண்டைக் கழுத்தில் சுற்றி, கன்னத்தை நனைத்து, நுரை போட்டு, கத்தியைத் தாடைக்குக் கீழே இறக்கினார். வழக்கமான இடம் வந்தது. கத்தி அதைத் தாண்டிப் போனது.

டிரைவர் காத்திருந்து பார்த்தார். பிறகு தாமே கேட்டார்.

"எனக்காக ஜெபம் பண்ண மாட்டீங்களாண்ணே? போன தடவை பண்ணீங்களே."

"பேசாதீங்க" என்றார் சலூன்காரர். "வெட்டிடும்."